ஆயிரம் வாட்டுக்கு எந்த டியூனர் காணும்?

“அண்ணை, அம்ப்ளிஃபயர் 1000 வாட், டியூனர் 1500 வாட். காணும்தானே?”

அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்து, 100 வாட் செட்டில் கொஞ்சக் காலம் பேசிப் பழகி, அடுத்த படிக்கு ஆசைப்படும் தம்பிமார் கொழும்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அம்ப்ளிஃபயர் செட்டின் வலுவைப் பெருக்கும் பெட்டி; டியூனர் அதற்கும் அன்டெனாவுக்கும் நடுவே நின்று இரண்டையும் பொருத்தும் பெட்டி. பார்த்தால் நியாயமான கணக்குத்தான், 1000ஐ விட 1500 பெரிது. ஆனால் காணுமா காணாதா என்று சொல்ல இன்னோர் எண் வேண்டும். கூரைக்கு மேலே கட்டியிருக்கும் கம்பி, டியூனரின் பின்பக்கத்தில் வந்து சேரும் இடத்தில் எத்தனை ஓம் காட்டுகிறது என்பதுதான் அந்த எண். அதை விசாரிக்காமல் ‘காணும்’ என்று யாராவது சொன்னால், டியூனர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அடிப்படையிலிருந்து போவோம். இன்றைய செட், அம்ப்ளிஃபயர், கோஆக்ஸ் வயர் எல்லாமே 50 ஓம் இம்பீடன்ஸை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. இம்பீடன்ஸ் என்பது ரேடியோ அலை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடங்கல். சாதாரணத் தடை அதில் ஒரு பகுதி. கொயிலும் கொண்டென்சரும் காட்டும் தாக்கம் இன்னொரு பகுதி. அன்டெனா 50 ஓமிலிருந்து விலகினால் அனுப்பிய வலுவில் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு விலகல் என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் காட்டும்: 1 என்றால் முழுப் பொருத்தம், எண் கூடக் கூட விலகலும் கூடும். டியூனர் நடுவில் நின்று, தன்னுடைய கொயிலாலும் கொண்டென்சராலும் அந்த விலகலைச் சரிக்கட்டி, அம்ப்ளிஃபயரின் கண்ணுக்கு 50 ஓம் தெரியச் செய்கிறது. அன்டெனாவை அது தொடுவதே இல்லை. டியூனருக்கு அப்பால் ஓடும் வயரில் எஸ்.டபிள்யூ.ஆர். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் இலகுவாக விளங்கும்.

இனி எண்களுக்கு வருவோம். 50 ஓமில் 100 வாட் என்றால் வயரில் சுமார் 71 வோல்ட், 1.4 அம்பியர். 1000 வாட் என்றால் 224 வோல்ட், 4.5 அம்பியர். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. அதே 1000 வாட்டை 5 ஓம் காட்டும் அன்டெனாவுக்குள் தள்ளினால் மின்னோட்டம் 14 அம்பியராகிறது. 2000 ஓம் காட்டும் அன்டெனாவில் மின்னழுத்தம் 1400 வோல்ட்டைத் தாண்டும், உச்சத்தில் 2000 வோல்ட். வலு ஒன்றேதான். ஆனால் முதலாவதில் கொயிலும் இணைப்புகளும் சுடும். இரண்டாவதில் கொண்டென்சரின் தட்டுகளுக்கு நடுவே தீப்பொறி பாயும். டியூனரின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, சமதரை வீதிக்காக லொறியில் எழுதிய தொன் கணக்கைப் போன்றது. கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்தக் கணக்கு எடுபடாது.

1500 வாட் என்ற எண்ணே பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே அமெச்சூர்களுக்கான உச்ச வரம்பு அதுதான். பிரித்தானியா 2024இல்தான் 400 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்கு ஏறியது. இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உங்கள் அனுமதிப்பத்திரத்தில் என்ன எழுதித் தந்திருக்கிறதோ அதுதான் வரம்பு. கருவியை இறக்குமதி செய்யவும் அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும். அத்தோடு, விளம்பரத்தில் வரும் வாட் கணக்கு பேச்சின் உச்ச வலுவைக் குறிக்கிறதா, தொடர்ச்சியான வலுவைக் குறிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாவதுதான். எந்த இம்பீடன்ஸ் எல்லைக்குள் என்பது கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும்.

கொழும்பில் இந்த விஷயம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், நமக்கு இடமில்லை. 40 மீற்றர் அலைநீளப் பட்டைக்கு ஒழுங்கான டைபோல், அதாவது நடுவில் வயர் ஊட்டும் நேர்க்கம்பி அன்டெனா, கட்ட ஏறக்குறைய 20 மீற்றர் நீளம் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுக் கூரையிலிருந்து பக்கத்துத் தென்னை வரை இழுத்தால் எப்படியோ கொள்ளும். 80 மீற்றருக்கு 40 மீற்றர் நீளம் வேண்டும். அதற்கு எங்கே போவது? ஆனால் நாட்டுக்குள் பேச 80உம் 40உம் வேண்டும். மேலே நேராக ஏறி, அயன மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீற்றருக்குள் மழைபோல இறங்கும் அலை அந்தப் பட்டைகளில்தான் கிடைக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி அடித்துத் தொலைபேசி செத்துக் கிடந்த நேரத்தில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவே நம் அமெச்சூர்கள் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதை நினைக்கிற எவருக்கும் இந்தப் பட்டைகளைக் கைவிட மனம் வராது.

அதனால் என்ன செய்கிறோம்? 20 மீற்றர் டைபோலையே 80 மீற்றரிலும் டியூனர் போட்டு ஓட்டுகிறோம். அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. அந்தக் கம்பி 80 மீற்றர் பட்டையில் கால் அலைநீளம்தான். அதன் நடுவில் தடை ஏறக்குறைய 12 ஓம், கூடவே 1000 ஓம் அளவுக்குக் கொண்டென்சர் தாக்கம். 1000 வாட் உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தால் மின்னோட்டம் 9 அம்பியர், கம்பியின் நடுவில் மின்னழுத்தம் 9000 வோல்ட். ஒரு விறாந்தை ஓரத்தில் தொங்கும் கம்பியில் 9000 வோல்ட் என்றால் யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் அத்தனை வலு அங்கே போவதில்லை. கோஆக்ஸில் ஊட்டினால், வழியில் வயரே தின்றுவிடும். தடித்த ஆர்ஜி-213 வயரில் 20 மீற்றர் ஓடினால், எல்லாம் பொருந்தியிருக்கும்போது 80 மீற்றர் பட்டையில் இழப்பு கால் டெசிபெல்தான், பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன டைபோலை அதன் நுனியில் மாட்டிக் கணக்குப் போட்டால், இழப்பு 17 டெசிபெல் அளவுக்குப் போகிறது. 1000 வாட்டில் வானத்துக்குப் போவது சுமார் 20 வாட். அம்ப்ளிஃபயரே இல்லாத 100 வாட் செட்டும் ஒழுங்கான அன்டெனாவும் வைத்திருப்பவர் உங்களை விட ஐந்து மடங்கு வலுவை வானத்துக்கு அனுப்புவார். இதில் ஏமாற்றும் பக்கம் ஒன்று உண்டு. வயரின் இழப்பு திரும்பி வரும் அலையையும் தின்றுவிடுவதால், டியூனர் பக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். உள்ளதைவிட நன்றாகவே தெரியும். டியூனர் சுலபமாக மாட்ச் (50 ஓம் பொருத்தம்) பிடிக்கும், மீற்றரில் 1.2 நிற்கும், மனிதர் சந்தோஷமாக இருப்பார். மீற்றர் ஊசி இறங்கிவிட்டது என்பதற்காக வலு அன்டெனாவுக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழி இருக்கிறது. பல பட்டைகளில் ஒரே கம்பியை ஓட்ட வேண்டுமானால், கோஆக்ஸுக்குப் பதிலாக 450 அல்லது 600 ஓம் ஏணி வயரில், அதாவது இரண்டு கம்பிகள் இடைவெளி விட்டு இணையாக ஓடும் வயரில், ஊட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். கூடினாலும் அதில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் சுவரோடு ஒட்டியோ, இரும்புக் கிராதிக்குப் பக்கத்திலோ கொண்டுபோக முடியாது. தொடர்மாடிகளில் இது பெரிய தலையிடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஏணி வயர் டியூனருக்கு வரும் இடத்தில் ஒரு பாலன் (இரட்டைக் கம்பி வயரைக் கோஆக்ஸ் வகை வாயிலோடு சேர்க்கும் டிரான்ஸ்ஃபோமர்) வேண்டும். பலர் யோசிக்காமல் 4க்கு 1 பாலனை மாட்டுகிறார்கள். அந்த இடத்தில் 12 ஓம் தெரிகிறது என்றால், அதை 3 ஓமாக்கி டியூனரிடம் கொடுக்கும். 9 அம்பியர் 18 அம்பியராகும். தாழ்ந்த இம்பீடன்ஸ் வரக்கூடிய இடத்தில் 1க்கு 1 பாலன்தான் நல்லது. காசில்லாத வைத்தியம் இன்னொன்றும் உண்டு. ஏணி வயரின் நீளத்தை இரண்டு மூன்று மீற்றர் கூட்டியோ குறைத்தோ பார்த்தால், டியூனர் பக்கத்தில் தெரியும் இம்பீடன்ஸ் வேறிடத்துக்கு நகரும். ஒரு பட்டையில் பிடிக்காமல் அடம்பிடித்த டியூனர் அதற்குப் பிறகு அமைதியாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடச் சிறந்தது அன்டெனாவையே திருத்துவது. டைபோலில் பெரிய மின்னோட்டம் ஓடுவது நடுப்பகுதியில்தான். நடுவை நேராக வைத்துக்கொண்டு நுனிகளை மடித்துக் கீழே தொங்கவிட்டாலும் பெரும்பகுதி வேலை நடக்கும். 20 மீற்றர் இடத்தில் 40 மீற்றர் கம்பியைக் கொள்ள வைக்க இது நல்ல வழி. நுனிகளில் மின்னழுத்தம் உச்சமாக இருக்கும் என்பதால் எவர் கையும் எட்டாத உயரத்தில் முடியுங்கள். அளவாக வெட்டிய அன்டெனாவுக்கு டியூனரே தேவைப்படாமலும் போகலாம். நம் பிராந்தியத்தில் 40 மீற்றர் பட்டை 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரைதான்; நன்றாக வெட்டிய டைபோல் ஒன்று அதில் பெரும்பகுதியை எஸ்.டபிள்யூ.ஆர். 2க்குள் தாங்கும்.

சரி, டியூனருக்குள்ளே போவோம். கடைகளில் கிடைக்கும் கையால் திருப்பும் டியூனர்களில் பெரும்பாலானவை ‘டி’ வடிவச் சுற்று: வரிசையில் இரண்டு மாறு கொண்டென்சர், நடுவில் தரைக்குப் போகும் ஒரு கொயில். எதையும் பொருத்தும் என்பதால் இது புகழ்பெற்றது. ஆனால் ஒரே அன்டெனாவுக்கு இதில் பல இடங்களில் மாட்ச் கிடைக்கும், அவற்றில் சில இடங்கள் டியூனருக்கே கூடாதவை. 12 ஓம் அன்டெனா, 1000 வாட், 9 அம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கக் கொண்டென்சர் 200 பிக்கோஃபரட்டில் நின்றால், 14 மெகாஹேர்ட்ஸில் அதன் குறுக்கே 500 வோல்ட் சொச்சம். 3.6 மெகாஹேர்ட்ஸில் 2000 வோல்ட், உச்சத்தில் 2850. 1.8 மெகாஹேர்ட்ஸில் உச்சம் 5700 வோல்ட். அதே 3.6இல் தட்டுகளை விரித்து 50 பிக்கோஃபரட்டில் மாட்ச் பிடித்தால் 8000 வோல்ட். மீற்றருக்கு இது எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் 1க்கு 1 என்றுதான் காட்டும்.

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கும் நண்பர் ஒருவரின் டியூனரை அண்மையில் மேசையில் வைத்துத் திறந்தோம். உள்பக்கக் கொண்டென்சர் புதிதுபோல இருந்தது. வெளிப்பக்கத்தில், அசையும் தட்டுகளின் ஓரங்கள் முழுக்க ஊசி முனையால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் கருப்புக் குழிகள். ஒரு தட்டு லேசாக வளைந்திருந்தது. அதற்குக் கீழே, தட்டுகளைத் தாங்கும் காப்புப் பலகையில் மயிரிழை போல ஒரு கருகிய கோடு. உப்பும் தூசும் படிந்து ஈரம் பிடித்த பாதையில் மின்சாரம் ஊர்ந்து போன தடம் அது. ஒருமுறை அப்படிக் கரிக்கோடு விழுந்தால் அடுத்த முறை இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே பாயும். முகப்பில் குமிழ்கள் நின்ற இடத்தைப் பார்த்தோம். வெளிப்பக்கக் கொண்டென்சர் ஏறக்குறைய முழுதாக விரிந்த நிலை. முதலில் கிடைத்த மாட்ச்சிலேயே நிறுத்திவிட்டார்.

‘டி’ டியூனரை ஓட்டும் முறை இதுதான்: இரண்டு கொண்டென்சரையும் கூடிய கொள்ளளவில், அதாவது தட்டுகள் முழுக்க உள்ளே போன நிலையில் வைத்துத் தொடங்குங்கள். கொயிலை மட்டும் மாற்றி எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும் இடத்தைப் பிடித்து, அப்புறம் கொண்டென்சர்களைத் தேவையான அளவுக்கு மட்டும் விரியுங்கள். கொள்ளளவு கூடிய, கொயில் குறைந்த மாட்ச்சில்தான் இழப்பும் சூடும் குறைவு. 1000 வாட்டில் பத்து வீதம் இழந்தாலே 100 வாட் சூடு அந்தக் கொயிலில்தான் இறங்கும். ‘எல்’ வடிவச் சுற்று இருக்கும் டியூனர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, பொதுவாக இழப்பும் குறைவு. எனக்குத் தெரிவு இருந்தால் பெரிய வலுவுக்கு ‘எல்’ பக்கம்தான் போவேன்.

இணைக்கும் ஒழுங்கிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. செட், அம்ப்ளிஃபயர், வலு மீற்றர், டியூனர், அன்டெனா என்பதுதான் வரிசை. செட்டுக்குள்ளே டியூனர் இருக்கிறதே, அது அம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். செட்டின் டியூனருக்குத் தெரிவது அம்ப்ளிஃபயரின் உள்வாயில் மட்டும்தான். அன்டெனாவிலிருந்து திரும்பி வரும் வலு அம்ப்ளிஃபயரின் வெளிவாயிலில் போய் இடிக்கிறது. அதற்கும் செட்டின் டியூனருக்கும் சம்பந்தமே இல்லை. அம்ப்ளிஃபயர் ஓடும்போது செட்டின் டியூனரை நிறுத்திவிடுங்கள்.

அம்ப்ளிஃபயர் எந்த இனம் என்பதும் முக்கியம். 3-500ஸெட், 811ஏ போன்ற வால்வுகள் போட்ட பழைய வகையின் வெளிவாயிலில் டியூன், லோட் என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். அதுவே ஒரு சின்ன டியூனர்தான், எஸ்.டபிள்யூ.ஆர். 2 வரை அதுவாகவே சமாளித்துக்கொள்ளும். எல்டிமொஸ் டிரான்சிஸ்டர் போட்ட இன்றைய வகைக்கு அந்த வசதி இல்லை. வெளிவாயில் 50 ஓமுக்கென்றே கட்டிய நிலையான டிரான்ஸ்ஃபோமர். எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறினால் வலுவைக் குறைக்கும், இன்னும் ஏறினால் தானாக நின்றுவிடும். ஆகவே பெட்டி சிறிதாக, பாரமில்லாமல் இருக்கிறதே என்று டிரான்சிஸ்டர் வகை வாங்குபவருக்கு நல்ல டியூனர் அல்லது நல்ல அன்டெனா கட்டாயம். வால்வு வகையில் கவனிக்க வேண்டியது வேறு: உள்ளே 3000 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் இருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கும். மூடியைத் திறப்பதில் விளையாட்டு வேண்டாம்.

டியூன் பண்ணுவது எப்போதும் சின்ன வலுவில். அம்ப்ளிஃபயரை பைபாஸில் (வலுவைப் பெருக்காமல் அலையை நேரே விடும் நிலை) போட்டு, 10 அல்லது 20 வாட்டில் டியூனரைச் சரிக்கட்டுங்கள். அப்புறம்தான் அம்ப்ளிஃபயர். வால்வு வகையானால் அதை முதலில் டம்மி லோடில் (அன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் தடை) சரி செய்து, குமிழ்கள் நிற்கும் இடத்தைப் பட்டைவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டியூனரையும் அம்ப்ளிஃபயரையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதைக் குழப்புகிறது என்று தெரியாமல் போய்விடும். கையில் நனோ விஎன்ஏ (இம்பீடன்ஸ் அளக்கும் சிறு கருவி) இருந்தால் இன்னும் நல்லது. அம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, நனோ விஎன்ஏயை டியூனரின் உள்வாயிலில் மாட்டி, ஒரு வாட்டும் அனுப்பாமலே மாட்ச் பிடிக்கலாம். பட்டையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

தானியங்கி டியூனரில் இந்த விதி இன்னும் கடுமையானது. அதன் உள்ளே ரிலேக்கள் கொயிலையும் கொண்டென்சரையும் மாற்றி மாற்றிப் போடும். 1000 வாட் ஓடும்போது ரிலே மாறினால் தொடுமுனைகளில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். டியூன் நடக்கும்போது அம்ப்ளிஃபயரை அனுப்பச் சொல்லும் கீ வயரைத் துண்டித்து வைக்கும் ஏற்பாடு டியூனரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் மறக்காமல் இணையுங்கள். அந்த ஒரு வயரைச் சோம்பலில் விட்டதனால் செத்த டியூனர்கள் ஏராளம்.

பிறகு, என்ன பேசப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சில் சராசரி வலு உச்சத்தை விட மிகக் குறைவு. மூச்சு விடும் இடைவெளியிலெல்லாம் கொயில் ஆறும். கணினி வழியே சின்னச் செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையில் 15 விநாடித் தவணையில் 12.6 விநாடி தொடர்ந்து முழு வலு. பேச்சுக்கு 1500 வாட் என்று விற்ற டியூனரை எஃப்.டி.8க்கு 500 வாட்டுக்கு மேல் நான் ஓட்டமாட்டேன். எஃப்.டி.8க்கு அந்த 500ஏ அதிகம் என்பது வேறு கதை.

மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வரும். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் யன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். டியூனரை அன்டெனாவின் காலடியில் வைப்பது மின்கணக்குப்படி மிக நல்லது, வயர் இழப்பு பெருமளவு ஒழிந்துவிடும். ஆனால் அங்கே உப்பும் மழையும் அதைத் தின்னும். வெளியே வைத்தால் நல்ல மூடிய பெட்டி வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து காப்புகளையும் உருளும் கொயிலின் தொடுமுனையையும் துடைக்க வேண்டும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வரும்போது எந்த டியூனரும் எதையும் காப்பாற்றாது. அன்டெனா வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுவதுதான் வழி.

இத்தனை செலவும் பாடும் தேவையா என்று கேட்டால், என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். 100 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்கு ஏறினால் கிடைப்பது 10 டெசிபெல், மறுமுனையின் சிக்னல் மீற்றரில் இரண்டு படிக்கும் (எஸ்-யூனிட்) குறைவு. 1000இலிருந்து 1500க்கு ஏறினால் இரண்டு டெசிபெல்கூட இல்லை. கொழும்பு நகருக்குள் எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வேட்டர் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் நம் காதுதான் முதலில் மந்தமாகிறது. நாம் அனுப்புவது மறுமுனைக்குக் கேட்டும், அவர்கள் பதில் நமக்குக் கேட்காவிட்டால் என்ன பயன்? அதனால் காசை முதலில் அன்டெனாவுக்கும் நல்ல ஊட்டு வயருக்கும் போடச் சொல்வேன், அடுத்தது டியூனர், கடைசியில் அம்ப்ளிஃபயர். டியூனரை அம்ப்ளிஃபயரின் வலுவைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். 160, 80 மீற்றர்களில் குட்டை அன்டெனாவோடு ஓட்டுவதானால் மூன்று மடங்கும் அதிகமில்லை. பெரிய தட்டு இடைவெளியுள்ள பழைய டியூனர் ஒன்று கையில் வந்தால், பெயின்ட் உரிந்திருந்தாலும் விடாதீர்கள்.

எல்லாம் இணைத்தாயிற்று என்றால் முதல் நாளே முழு வலுவுக்குப் போகவேண்டாம். 200 வாட்டில் தொடங்கி, ஒரு நிமிடம் கரியரை (பேச்சில்லாத தொடர் அலையை) அனுப்பிக்கொண்டு எஸ்.டபிள்யூ.ஆர். ஊசியை மட்டும் பாருங்கள். டம்மி லோடில் அல்ல, உண்மையான அன்டெனாவில், யாரும் பேசாத இடமாகப் பார்த்து. ஊசி அசையாமல் நின்றால் 400, பிறகு 600. ஏதோ ஒரு கட்டத்தில் ஊசி 1.1இலிருந்து 1.3, 1.5 என்று மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே ஏதோ சுட்டு மதிப்பு மாறுகிறது என்று அர்த்தம். அநேகமாக அது பாலனின் ஃபெரைட் வளையமாக இருக்கும். திடீரென்று துள்ளிவிட்டு இறங்கினால் எங்கோ பொறி பாய்கிறது. இரண்டில் எது நடந்தாலும் அனுப்புவதை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பாலனையும் கொயிலையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், அந்த அன்டெனாவில், அந்தப் பட்டையில், அதற்கு முந்தைய படிதான் உங்கள் டியூனரின் உண்மையான வாட் அளவு.